வெர்லீன் பெயரில் ஒரு இடம்

மில்ப்ரூக், ஒஹாயோ
11 செப்டம்பர் 1960

அன்புள்ள அக்கா,

கன்னம் வற்றிவிட்டதா? பொன்னுக்குவீங்கி பத்து நாளில் போய்விடும் என்பார்கள், இன்றோடு பதினாலு நாள் ஆகிறது. நான் வந்து சேர்ந்துவிட்டேன். ஒரே காரில் எங்கள் ஐந்து பேரையும் அடைத்து மலை தாண்டிக் கூட்டிவந்தார்கள். மடியில் அம்மா கட்டிக்கொடுத்த பொரித்த கோழி, அதன் பக்கத்திலேயே உன் பள்ளிக்கூட ரெக்கார்டு அட்டை. எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டேன்.

இங்கே என்னை வைத்திருக்கும் பென்னிமன் அம்மாளும் அவர் வீட்டுக்காரரும் தங்கமானவர்கள். க்வேக்கர் என்கிற கிறிஸ்தவ சபைக்காரர்கள். வந்த அன்றைக்கே பாத்திரம் கழுவும்போது கேட்டார்: "உங்க ஊர்ப் பள்ளிக்கூடம் இடிஞ்சு போச்சாம்மா?"

"இல்லீங்கம்மா, நல்லாத்தான் நிக்குது. கறுப்புப் பிள்ளைங்களும் வெள்ளைப் பிள்ளைங்களும் ஒண்ணா உக்கார வைக்கணும்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. அதுக்கு, பள்ளிக்கூடமே வேணாம்னு கவுண்டி நிர்வாகத்துக்காரங்க எல்லாத்தையும் பூட்டிட்டாங்க."

"எல்லாத்தையுமா? அப்போ வெள்ளைப் பிள்ளைங்க?"

"அவங்களுக்குத் தனியா ஒண்ணு ஆரம்பிச்சுக்கிட்டாங்க."

அதன் பிறகு அவர் சுத்தமான தட்டையே கழுவிக்கொண்டிருந்தார்.

வெர்லீன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டு வருகிறேன். முதல் நாள் மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. காது மந்தமோ என்று டாக்டரிடம் கூட்டிப்போகப் பார்த்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள், உன் அட்டையில் பத்தாவது முடித்தாயிற்று என்று இருக்கிறதே. நான் ஒன்பதோடு நின்றவள். அல்ஜீப்ரா புரியவே இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே தருகிற புத்தகத்தில், முன் அட்டைக்குள் ஒட்டியிருக்கும் பெயர்த் தாளில், வரி மீதி இருக்கிறது. நம் ஊரில் வெள்ளைப் பிள்ளைகள் எல்லா வரியும் நிரப்பிய பிறகுதானே நமக்கு வரும்! சரித்திரப் புத்தகத்தில் மூன்றாவது வரியில் 'வெர்லீன் வோமாக்' என்று எழுதினேன். உன் பெயர் ஒரு புத்தகத்தில் ஏறிவிட்டது அக்கா.

கிறிஸ்துமஸுக்குள் திறந்துவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். திறந்ததும் வந்து உன் அட்டையை உன் கையில் கொடுத்துவிடுகிறேன். திறக்காவிட்டால் கோடை லீவில் நான் வந்துவிடுகிறேன், பன்னிரண்டாம் வகுப்புக்கு நீ வா. சத்தியம்.

உன் தங்கை,
ஓஸெல்லா

உறையில் வெர்லீன் வோமாக் என்றே எழுது. இங்கே தபாலை எடுப்பது பென்னிமன் அம்மாள்.


ஆஷ்பி கவுண்டி, வர்ஜீனியா
9 அக்டோபர் 1960

ஓஸெல்லா,

எனக்கு நானே கடிதம் போட்டுக்கொள்வது இதுதான் முதல் தடவை. பெறுபவர் இடத்தில் என் பெயரை எழுதினேன். சரி, பாதி நாடகம் எதற்கு என்று அனுப்புபவர் இடத்தில் உன் பெயரை எழுதினேன். தபால்தலை ஒட்ட வெறும் உறையைக் கொண்டுபோனபோது தபால் ஆபீஸ்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "நீதான் ஓஸெல்லாவா?" என்றார். "ஆமாங்க." அவ்வளவுதான். அவருக்கு நம்மில் யார் யார் என்று தெரிந்தால்தானே சந்தேகப்படுவார்.

கன்னம் வற்றிவிட்டது. கார் போன நாலாம் நாளே வற்றிவிட்டது.

அன்றைக்கு நடந்தது உனக்குச் சரியாகத் தெரியாது. நீ கோழிக்கூட்டுப் பக்கம் இருந்தாய். தொற்று வியாதிக்காரியை ஏற்ற முடியாது, இடத்தை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பிள்ளைகளை வெளியூருக்குப் படிக்க அனுப்புகிற கமிட்டிக்காரர் சொன்னார். அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அது என் சின்ன மக. பெரியவ வெர்லீன் பின்னால இருக்கா, நல்லாத்தான் இருக்கா, இருங்க கூட்டியாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கி வைத்திருந்த என் அட்டையை எடுத்தாள். என்னிடம், "இடம் வந்திருக்குடி. நம்ம வீட்டுல யாராவது ஒருத்தி உக்காரணும்" என்றாள். கன்னம் வீங்கியிருந்ததால் எனக்குப் பதில் பேச வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

கோபமா என்று கேட்காதே. கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று நானும் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

பகலில் புகையிலைக் கொட்டகையில் இலை கட்டுகிறேன். வாரத்தில் மூன்று நாள் கேரோ என்கிற வெள்ளைக்காரர் வீட்டில் இஸ்திரி. அவர்கள் பெண்ணுக்கு என் வயதுதான், புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். வெள்ளைக் காலர் ஐந்து, வாரா வாரம். போகிற வழியில் நம் பள்ளிக்கூடம். கதவில் சங்கிலி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கரும்பலகையில் 'ஜூன் 5' என்று இன்னும் இருக்கிறது. போன வருஷத்து ஜூன். அழிக்க ஆளில்லை.

சோளரொட்டியில் சர்க்கரை போடுவார்களாமே அங்கே, உண்மையா? அப்படியானால் உன் மேல் எனக்கு உண்மையிலேயே இரக்கம்தான்.

வெர்லீன்


மில்ப்ரூக், ஒஹாயோ
19 பிப்ரவரி 1961

அன்புள்ள அக்கா,

சர்க்கரை போடுகிறார்கள். பழகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கும் திறக்கவில்லை என்று பேப்பரில் பார்த்தேன். அந்தச் செய்தியை வகுப்பில் படித்துக் காட்டி, "வெர்லீன், உன் அனுபவத்தைச் சொல்" என்றார்கள். எழுந்து நின்று உன் அனுபவத்தைச் சொன்னேன். உன் பிறந்த தேதி, உன் பத்தாம் வகுப்பு, உனக்குப் பிடித்த பாடம் எல்லாம். எல்லாரும் கை தட்டினார்கள்.

இவர்கள் கோவிலில் பாட்டு கிடையாது, பிரசங்கம் கிடையாது. ஒரு மணி நேரம் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மனதில் உண்மை ஒன்று வந்து தள்ளினால் மட்டும் யாராவது எழுந்து சொல்வார்கள். நம் சபையில் இப்படி இருந்தால் ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்று பென்னிமன் அம்மாளிடம் சொன்னேன். சிரித்தார். இவர்கள் பொய் சொல்லவே மாட்டார்கள் அக்கா. கோர்ட்டில்கூடச் சத்தியம் செய்யமாட்டார்களாம், எப்போதும் உண்மைதானே பேசுகிறோம், தனியாகச் சத்தியம் எதற்கு என்று. ஒவ்வொரு ஞாயிறும் என் பெயரைச் சொல்ல எழுந்துவிடுவேனோ என்று பயந்து பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஜூனில் வருகிறேன். பெட்டியைத் தயார் செய்து வை.

ஓஸெல்லா


ஆஷ்பி கவுண்டி
18 ஜூன் 1961

ஓஸெல்லா,

நேற்று சர்ச் வாசலுக்குக் கார் வந்தது. பெட்டியோடு போயிருந்தேன். கேரோ வீட்டு வேலையை விட்டுவிட்டேன் என்று போன வாரமே சொல்லியிருந்தேன்.

காரிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். நான் கதவருகே போய் உள்ளே குனிந்து பார்த்தேன். டிரைவர் சொன்னார், "அவ்வளவுதாம்மா. வெர்லீன் மட்டும் வரல. கோடைல அங்கயே இருந்து படிக்கப் போறாளாம்."

"அப்படியா" என்றேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இன்று காலை கேரோ அம்மாவிடம் போய் நின்றேன். "போறேன்னியே?" என்றாள். "போகல" என்றேன். காலர்கள் ஒரு வாரத்துக்குச் சேர்ந்திருந்தன.

வெர்லீன்


மில்ப்ரூக்
2 ஜூலை 1961

அக்கா,

நான் எழுதிய கடிதம் கார் வந்த பிறகு வந்திருக்கும். முன்னாலேயே எழுதியிருக்கலாம். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். அல்ஜீப்ராவில் தேறியிருக்கிறேன், ஆனால் தட்டுத் தடுமாறி. கோடையில் தனியாகச் சொல்லித்தர பென்னிமன் அம்மாள் ஏற்பாடு செய்தார். அது ஒரு காரணம். இன்னொன்று, பள்ளியில் படம் எடுத்து ஆண்டுமலரில் போட்டுவிட்டார்கள். வெர்லீன் வோமாக் என்று என் முகம். இனிமேல் நீ வந்து நின்றால் இவர்கள் உன்னை யார் என்று கேட்பார்கள். அந்தக் காரில் ஏறும்போது இதை நாம் யாருமே யோசிக்கவில்லையே. அம்மா யோசிக்கவில்லை, நீ யோசிக்கவில்லை. ஏதோ கோட்டு மாதிரி ஒருத்தி கழற்றி ஒருத்தி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டோம்.

மூன்றாவது காரணமும் இருக்கிறது. எனக்குத் திரும்பி வரப் பிடிக்கவில்லை. நினைத்தாலே அந்தச் சங்கிலி போட்ட கதவுதான் ஞாபகம் வருகிறது. இதை எழுதாமல் விட்டால் உன்னிடமும் பொய் சொன்னவளாகிவிடுவேன். திட்டு. தயவுசெய்து திட்டி எழுது.

ஓஸெல்லா


மில்ப்ரூக்
10 ஜூன் 1962

அக்கா,

ஒரு வருஷமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவுக்காக யாரோ பக்கத்து வீட்டுப் பெண் எழுதித் தருகிறாள், "எல்லாரும் சுகம்" என்று. எல்லாரும் என்றால் நீயும்தானா?

வெள்ளிக்கிழமை பள்ளிப் படிப்பு முடித்ததற்கான டிப்ளமா கொடுத்தார்கள். பெரிய எழுத்தில் வெர்லீன் வோமாக். பெயரைக் கூப்பிட்டதும் இந்தத் தடவை உடனே எழுந்தேன். உனக்கு அனுப்பட்டுமா? உன் பெயர்தானே அதில் இருக்கிறது. சுவரில் மாட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. உன்னிடம் இருக்கட்டும் என்றுதான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது. அதுவும் வெர்லீனுக்குத்தான்.

ஓஸெல்லா


மில்ப்ரூக்
25 ஆகஸ்ட் 1963

அக்கா,

பேப்பரில் போட்டிருக்கிறார்கள்! வாஷிங்டனிலிருந்து ஏற்பாடு செய்து, நம் கவுண்டியில் செப்டம்பரிலிருந்து பள்ளி திறக்கிறார்களாம். வெளியூர் ஆசிரியர்கள், புதுப் புத்தகம், யார் வேண்டுமானாலும் வரலாமாம், வயது எவ்வளவு ஆனாலும் சரியாம். பென்னிமன் அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

உனக்கு இருபது. இரண்டு வருஷம் போதும், முடித்துவிடுவாய். முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடு. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, போய்ச் சேர்ந்துவிடு. நீ சேர்ந்தாய் என்று தெரிந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

ஓஸெல்லா


ஆஷ்பி கவுண்டி
12 செப்டம்பர் 1963

ஓஸெல்லா,

போனேன்.

சங்கிலியைக் கழற்றியிருந்தார்கள். கரும்பலகையில் ஜூன் 5 இல்லை, யாரோ துடைத்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் என்னமோ ஒரு மாதிரி இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. வாசலில் நாலு வரிசை. என்னைவிட வயதானவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். நம் பழைய வாத்தியார்கள் ஒருவர்கூட இல்லை, வேலை போனதும் ஊரைவிட்டுப் போனவர்கள் போனதுதான். மேஜையில் இருந்தது வெளியூர் அம்மாள். சிரித்த முகம்.

"பேரு சொல்லுங்கம்மா."

"வெர்லீன் வோமாக்."

பெட்டியில் அட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இல்லை. பிறகு ஒரு பட்டியலை எடுத்து விரலை வைத்துக்கொண்டு வந்தார்.

"இதோ. உங்க அட்டை இங்க இல்ல, அறுபதுலயே ஒஹாயோவுக்குப் போயிடுச்சு. நீங்கதான் முடிச்சிட்டீங்களே!"

"என்னத்த முடிச்சேன்?"

"பள்ளிப் படிப்பை. அறுபத்திரண்டு ஜூன்ல. மார்க்கெல்லாம் அருமை. இங்கேருந்து போனவங்கள்ல உங்களை மாதிரி ரொம்பக் கொஞ்ச பேருதான் முடிச்சிருக்காங்க. எங்களுக்கெல்லாம் எவ்வளவு பெருமை தெரியுமா?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையில் புகையிலைப் பிசின், அவர் கண்டுகொள்ளவில்லை. "தம்பி தங்கச்சி யாரையாவது சேர்க்க வந்தீங்களா?"

பின்னால் வரிசையில் லுரீத்தா நின்றாள், உன்னோடு ஒன்பதாவது படித்தவள். அவள் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றேன். "தங்கச்சி. ஓஸெல்லா."

உன் அட்டை உடனே கிடைத்தது. நாலு வருஷமாக அந்தப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. ஒன்பதாவது தேர்ச்சி, கையெழுத்து கவனம் தேவை என்று குறிப்பு. "திங்கக்கிழமை அவளையே வரச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து கேரோ வீட்டுத் துணிக்குக் கஞ்சி போட்டேன். மீதி இருந்த வேலையையும் முடித்தேன்.

வெர்லீன்


மில்ப்ரூக்
18 செப்டம்பர் 1963

அக்கா, அக்கா,

நான் சொல்லிவிடப் போகிறேன். முதலில் பென்னிமன் அம்மாளிடம், பிறகு ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து எல்லார் முன்னாலும். என் பெயர் ஓஸெல்லா, நான் ஒன்பதாவதுதான் முடித்தேன், மூன்று வருஷமாக உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பொய் சொன்னேன் என்று. டிப்ளமாவை ரத்து செய்வார்கள், செய்யட்டும். கல்லூரி என்னை அனுப்பிவிடும், அனுப்பட்டும். உன் பெயர் உனக்குக் கிடைத்துவிடும்.

உன் பெயரை நான் தின்றுவிட்டேன் அக்கா. நீ திட்டியிருந்தால்கூட எனக்குச் செரித்திருக்கும்.

இந்த ஞாயிறு வேண்டாம், உன் பதில் வரட்டும், அடுத்த ஞாயிறு எழுந்து நிற்கிறேன்.

ஓஸெல்லா


ஆஷ்பி கவுண்டி
24 செப்டம்பர் 1963

ஓஸெல்லா,

எழுந்திருக்காதே. உட்கார்.

நீ எழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். உன் டிப்ளமா போகும். அது போனதும் எனக்கு வந்துவிடுமா? உன் தலைக்குள் ஏறிய அல்ஜீப்ரா என் தலைக்குள் வந்துவிடுமா? படித்தவள் ஒருத்தி இருக்கிற வீட்டில், படிக்காதவர்கள் இரண்டு பேர் இருப்போம். கவுண்டிக்காரர்கள் நினைத்தது அப்படியே நடந்துவிடும். அதுவும் நம் வாயாலேயே. பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

அதோடு, நீ எழுந்தால் எனக்கும் ஆபத்து. ஏனென்று சொல்கிறேன்.

திங்கட்கிழமை, பதினாறாம் தேதி, திரும்பவும் போனேன். மேஜையில் அந்த அம்மாள் இருந்தால் திரும்பி வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். வேறொருவர் இருந்தார், அவசரக்காரர். "பேரு?" என்றார். சொன்னேன். அட்டையை எடுத்து என்னைப் பார்த்தார். "பதினெட்டு வயசா?" "ஆமாங்க." "பாத்தா பெரியவளாத் தெரியுதே." "புகையிலை வேலைங்க" என்றேன். தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

பத்தாம் வகுப்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் நான் முடித்த அதே வகுப்பு. முடித்ததில் பாதி மறந்துபோயிருக்கிறது, அதனால் வீண் என்று சொல்ல முடியாது.

வருகைப் பதிவு எடுத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பதினோரு பேர் அந்த அறையில். எல்லாருக்கும் என்னைத் தெரியும், பாதிப் பேருக்கு, பள்ளி பூட்டிக் கிடந்த வருஷங்களில், சர்ச் அடித்தளத்தில் நான்தான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன், மிஸ் வெர்லீன் என்று கூப்பிட்டவர்கள். வாத்தியாரம்மா "ஓஸெல்லா வோமாக்" என்றார். முதல் தடவை நான் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டாம் தடவையும். லுரீத்தா மேஜைக்கு அடியில் என் காலை ஓர் உதை விட்டாள். "ப்ரெசன்ட்" என்றேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. நம் ஆட்கள் இத்தனை வருஷமாக வாயை மூடிப் பழகியது அன்றைக்கு எனக்கு உதவியது.

வீட்டில் அம்மாதான் திண்டாடுகிறாள். பள்ளிக்கூடத்து ஆட்கள் வந்துபோகும் நேரத்தில் வாய் தவறிவிடுமோ என்று "ஏண்டி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

பிறகு புத்தகம் கொடுத்தார்கள். சரித்திரம். புதுசு. பிரித்தபோது அதன் முதுகில் சடக்கென்று சத்தம் வந்தது, கிழித்துவிட்டேனோ என்று பயந்தேன். முன் அட்டைக்குள் பெயர்த் தாள் ஒட்டியிருந்தது. ஆறு வரி. ஆறும் காலி. பத்து வருஷம் படித்ததில் ஒரு புத்தகத்திலாவது கடைசி வரியாவது எனக்கு மிச்சமிருந்ததா? எப்போதும் யாரோ வெள்ளைக்கார நான்சிகள் எனக்கு முன்னால் வந்து நிரப்பிவிட்டுப் போயிருப்பார்கள். அந்தக் காலி வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பேனா இல்லையாம்மா?" என்று வாத்தியாரம்மா வந்து நின்றார். "முதல் வரில எழுதுங்க. தெளிவா எழுதுங்க, உங்களுக்குப் பிறகு வர்ற பிள்ளைங்க படிக்கணும்ல."

தெளிவாக எழுதினேன். கையெழுத்து கவனம் தேவை என்று உன் அட்டையில் இருக்கிறதே, இனி யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

எழுதி முடித்ததும் ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மை காய்ந்ததும் மூடினேன்.

இனி சண்டையில்லை. நீ நன்றாகப் படி. டிப்ளமாவை அனுப்பாதே, அது உன்னுடையது. அல்ஜீப்ரா எனக்கும் புரியவில்லை, லீவில் வந்தால் சொல்லித் தா அக்கா.

இப்படிக்கு,
உன் தங்கை,
ஓஸெல்லா